ரோசெரைப் புதைத்த புதன்கிழமை

எங்கள் தெருச் சாக்கடையைப் பார்த்தே அன்றைக்குச் சாயப்பட்டறையில் என்ன நிறம் என்று சொல்லிவிடலாம். ஒருநாள் நீலம் ஓடும், ஒருநாள் ரத்தம் மாதிரி சிவப்பு ஓடும். கடலுக்கும் ரயில்பாதைக்கும் நடுவே புகைபோக்கிகள் நெருக்கியடித்து நின்ற இடம் பொப்ளெனோவ். டிராமில் கடந்துபோகும் பார்சிலோனாக்காரர்கள் எங்கள் ஊர் வந்ததும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வார்கள். நாங்கள் அந்த நாற்றத்தில்தான் ரொட்டியைப் பூண்டில் தேய்த்துத் தின்று வளர்ந்தோம்.

தெக்லாவும் பல்திரியும் எனக்கு எதிர் அறையில் குடியிருந்தார்கள். மூன்றாவது மாடி. இரண்டு வீட்டுக்கும் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரே தண்ணீர்க்குழாய். பல்திரி சாயத்தொட்டியில் வேலை பார்த்தான். தெக்லாவுக்கு நெசவாலையில் என் பக்கத்துத் தறி. தறிச் சத்தத்தில் காது கேட்காது. ஒருத்தி உதட்டை ஒருத்தி பார்த்தே நாள் முழுக்கப் பேசிவிடுவோம். அவளுக்கு இருபத்தைந்து வயது. இரண்டு வயதில் சிந்தா என்று ஒரு பெண்குழந்தை, வயிற்றில் ஐந்து மாதம்.

பல்திரி ஏற்கெனவே மூன்று வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவன். போதும் போ என்று அனுப்பிய பிறகுதான் கல்யாணம் செய்துகொண்டான். ஆனால் சேமப்படைப் பட்டியலில் பெயர் இருந்துகொண்டே இருக்கும் என்பதை எங்களில் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பது ஜூலையில், மதிய இடைவேளையில், நகரசபை ஆள் ஒருவன் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றான். தெக்லா கொண்டைக்கடலையும் உப்பு மீனும் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். காகிதத்தைக் கொடுத்துவிட்டு அவன் தண்ணீர் கேட்டான். கொடுத்தோம்.

"என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள் தெக்லா.

பல்திரி கொஞ்சம் படிப்பான். "மெலிய்யாவுக்கு. ஆப்பிரிக்காவுக்கு. அங்க மலைக்காரனுங்க ரயில்பாதைய வெட்டிட்டானுங்களாம்."

"யாரு ரயிலு?"

"சுரங்கத்து ரயிலு."

"சுரங்கம் யாரோடது?"

"நம்ம முதலாளிமாருங்களோடதுதான். வேற யாரோடது?"

"அப்ப முதலாளி மவன் போறானா?"

"அவன் எதுக்குப் போறான்? பட்டாளத்துக்குப் போகாம இருக்க ஆயிரத்தி ஐந்நூறு பெசெத்தா கட்டிட்டுக் காபிக்கடையில உக்காந்திருப்பான். நாமளும் கட்டிரலாம் தெக்லா. ரெண்டு வருஷம் சோறு தண்ணி இல்லாம, காத்த மட்டும் குடிச்சோம்னா சேந்துரும்."

அவள் சிரிக்கவில்லை. "பிரான்ஸுக்கு ஓடிப்போயிரு. நான் பின்னால வர்றேன்."

"வயித்துல ஒண்ணு, இடுப்புல ஒண்ணு. மலை ஏறி வந்துருவியா நீ?"

"ஏறுவேன்."

"ஏறுவ, எனக்குத் தெரியும். அதான் பயமா இருக்கு." அவன் உட்கார்ந்து சாப்பிட்டான். ஒரு கடலைகூட மிச்சம் வைக்கவில்லை. அதைப் பார்த்து எனக்குத்தான் அழுகை வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துறைமுகத்துக்குப் போனோம். நான் சிந்தாவைத் தூக்கிக்கொண்டேன். பட்டாளம் வரிசையாக இறங்கி வந்தது. ஒவ்வொருத்தன் கையையும் ஒரு பெண்டாட்டியோ அம்மாவோ பிடித்துக்கொண்டு வரிசைக்குள்ளேயே நடந்தாள். அதிகாரிகளால் பிரிக்க முடியவில்லை. கப்பல் ஏணிக்குப் பக்கத்தில் பட்டுக்குடை பிடித்த சீமாட்டிகள் நின்று, ஆளுக்கு ஒரு மாதா பதக்கமும் ஒரு பொட்டலம் சிகரெட்டும் கொடுத்தார்கள். பல்திரிக்கு முன்னால் போனவன் இரண்டையும் வாங்கி அவர்கள் முன்னாலேயே கடலில் எறிந்தான். பல்திரி பதக்கத்தை எறிந்துவிட்டு சிகரெட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அழுதுகொண்டே இருந்த தெக்லா அப்போது சிரித்தாள். கடைசியாக அவன் பார்த்தது அந்தச் சிரிப்பைத்தான் என்று பின்னால் என்னிடம் சொன்னான்.

கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள்: "துப்பாக்கியக் கீழ போடுங்கடா! போனா எல்லாரும் போகட்டும், இல்ல ஒருத்தரும் போகவேணாம்!"

அது யார் என்று திரும்பிப் பார்த்தேன். தெக்லாதான். பேசினால் பக்கத்துத் தறிக்கே எட்டாத குரல் அவளுக்கு.

ஏணியைத் தூக்கிவிட்டார்கள். கப்பல் போய்விட்டது.

அந்த வாரம் முழுக்கச் செத்தவர்கள் பட்டியல் வரும் வரும் என்று நின்றோம். வரவில்லை. பத்திரிகைகளில் அரசாங்கம் வெட்டிய பாதிப் பத்தி வெள்ளையாக வந்தது. வெயில் ஈரத்துணி மாதிரி உடம்பில் ஒட்டியது. மறு திங்கட்கிழமை விடியற்காலையில் ஆலைச் சங்கு ஊதியது, நாங்கள் உள்ளே போகவில்லை. வேலைநிறுத்தத்துக்கு அடையாளமாக வெள்ளைத் துணியைக் கிழித்து மார்பில் முடிந்துகொண்டு, பெண்கள் நாற்பது ஐம்பது பேர் ஆலை ஆலையாகப் போனோம். தெக்லா முன்னால் நடந்தாள்.

"பொம்பளைங்களா, வெளிய வாங்க! புருஷனைக் கப்பல்ல ஏத்தறவனுக்குத் துணி நெய்யாதீங்க!"

சில இடத்தில் மேஸ்திரிகளே தறியை நிறுத்தினார்கள். சில இடத்தில் கண்ணாடி உடைந்த பிறகு நிறுத்தினார்கள். பத்து மணிக்கெல்லாம் ஒரு புகைபோக்கியிலும் புகை இல்லை. என் வயதுக்கு அன்றுதான் முதன்முதலாக எங்கள் ஊரில் அலைச்சத்தம் கேட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்கு என்னவோ யாரோ செத்த வீட்டில் நிற்பது மாதிரி இருந்தது.

திங்கள் சாயங்காலத்துக்குள் டிராம்களைக் கவிழ்த்துவிட்டார்கள். ரயில்பாதையைப் பெயர்த்தார்கள். தெருக்கற்களைத் தோண்டித் தடுப்புச்சுவர் வைத்தார்கள். அடுத்து என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை தடுப்புச்சுவருக்குப் பக்கத்தில் கூட்டம் கூடியது. ஃபெர்மி என்று பீப்பாய் செய்கிறவன் ஒருவன் இருந்தான். நல்ல பேச்சாளி, கேட்கிறவர்களுக்குக் காது இனிக்கும். மது பீப்பாய் மேல் ஏறி நின்று, "கன்னியாஸ்திரி மடத்தக் கொளுத்தப் போவோம்" என்றான்.

தெக்லா கீழே நின்று கேட்டாள். "அடுத்த கப்பலு துறைமுகத்துல நிக்குது. மடத்துலயா நிக்குது?"

"துறைமுகத்துல பட்டாளம் இருக்கு தெக்லா. போனா சுடுவான்."

"அப்ப மடத்துல சுடமாட்டான், அதுக்காகப் போறீங்க."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். ஃபெர்மிக்கு முகம் சிவந்துவிட்டது. "முதலாளிக்கும் மடத்துக்கும் என்ன வித்தியாசம்? நீ ஒரு துணிக்கு வாங்குற கூலியில பாதிக்கு அவளுங்க பெட்டிகோட்டு தைச்சுக் குடுக்கறாளுங்க. உன் அக்காள முழுங்கினது யாரு? மடம்தானே? நீயா இப்படிப் பேசற?"

தெக்லா திரும்பி வீட்டுக்கு நடந்தாள்.

அவள் அக்கா ரோசெரை எனக்கும் தெரியும். பதினொரு வயதில் ஆலைக்கு வந்தவள். வந்த அந்த வருடமே பஞ்சு சிக்கெடுக்கும் இயந்திரம் அவளுடைய இடது சுண்டுவிரலை இரண்டு கணு தின்றுவிட்டது. பதினெட்டு வயதில் மடத்துக்குப் போனாள். பக்தியும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வீட்டில் ஒரு வாய் குறையும் என்ற கணக்கும் இருந்தது. மடத்துக்குச் சீர்ப்பணம் கொண்டுபோகாத பெண் என்பதால் உள்ளே சமையலும் துணி துவைப்பதும்தான் அவளுக்கு. வருடத்துக்கு ஒருமுறை தெக்லா போவாள். இரும்புக் கம்பி, அதற்குப் பின்னால் கறுப்புத் திரை. குரல் மட்டும் கேட்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கடிதம் வந்தது. காய்ச்சலில் இறந்தாள், உள்முற்றத்துச் சுவரில் குடைந்த மாடத்தில் வைத்து அடைத்துவிட்டோம் என்று. உடம்பைக் காட்டவில்லை. தெக்லா போய்க் கதவைத் தட்டியபோது திரைக்குப் பின்னாலிருந்து, "அவள் இறைவனிடம் இருக்கிறாள்" என்று ஒரு குரல் சொன்னதாம். "அது எனக்குத் தெரியாதாக்கும்" என்று தெக்லா அதை வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மடத்துக்குத் தீ வைத்தார்கள். கன்னியாஸ்திரிகளை முன்னாலேயே வெளியேற்றிவிட்டார்கள். அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் தங்கள் பாவாடையையும் முக்காட்டையும் கொடுத்து அவர்களைச் சமையலறைகளில் உட்காரவைத்தார்கள். யாரும் அவர்களைத் தொடவில்லை. புகை எங்கள் மாடி வரை வந்தது. கொடியில் காய்ந்த சிந்தாவின் துணிகளில் எரிந்த காகிதத் துண்டுகள் வந்து விழுந்தன. பிரார்த்தனைப் புத்தகத்தின் ஏடுகள். எழுத்து வெள்ளையாகத் தெரிந்தது. தொட்டால் பொடியானது.

புதன்கிழமை காலையில் ஒருத்தி படிக்கட்டில் நின்று கத்தினாள்: "மடத்துச் சுவரைப் பேத்துட்டாங்க! செத்தவளுங்களத் தெருவுல நிறுத்தியிருக்காங்க! கைகாலெல்லாம் கட்டியிருக்காம்!"

தெக்லா சிந்தாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுச் செருப்புப் போடாமல் ஓடினாள். நான் பின்னால் போனேன்.

மடத்து வாசலில், வெயிலில், சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். பன்னிரண்டு பேர். உடம்பு அழுகியிருக்கவில்லை, காய்ந்து சுருங்கியிருந்தது. அங்கி கறுப்பு மண்ணாக உதிர்ந்தது. எல்லார் கையும் மார்பில் சேர்த்துக் கயிற்றால் கட்டியிருந்தது. காலிலும் கட்டு. எவனோ ஒருத்தியின் வாயில் சிகரெட்டு சொருகியிருந்தான். கூட்டத்தில் பாதிப் பேர் அழுதார்கள், பாதிப் பேர் சிரித்தார்கள். ஒரே ஆள் இரண்டையும் செய்ததையும் பார்த்தேன்.

"உசுரோட கட்டிப் பொதைச்சிருக்காளுங்க!"

"சித்திரவதை பண்ணியிருக்காங்க. கையப் பாரு, கையப் பாரு!"

மடத்துத் தோட்டக்காரர் ஒருவர் ஓரமாக நின்றுகொண்டு, "அது அவங்க சபை வழக்கம்யா, செத்தவங்களுக்கு அப்படித்தான் கட்டுவாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் கேட்கவில்லை.

தெக்லா முகங்களைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்துக்கொண்டே போனாள். ஒன்பதாவது உடம்பின் முன்னால் நின்றாள். இடது சுண்டுவிரல் இரண்டு கணு இல்லை.

பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். தெக்லா கிழவியாகிச் செத்தால் எப்படியிருப்பாளோ அப்படியிருந்தது அந்த முகம்.  இன்றைக்கும் சில நேரம் அவள் துணி துவைக்கக் குனிந்திருக்கும்போது எனக்கு அந்த முகம்தான் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்ப்பேன்.

"ரோசெர்" என்றாள் தெக்லா. யாரையோ எழுப்புகிற மாதிரி.

ஃபெர்மி ஆட்களோடு கைவண்டி கொண்டுவந்தான். "நகரசபை வாசலுக்குக் கொண்டுபோறோம். உலகம் பாக்கட்டும். தெக்லா, இது உன் அக்காளா? அட கடவுளே! அப்ப நீயே வா. நீயே எல்லார் முன்னாலயும் சொல்லு. பட்டாளத்துக்காரன் இதப் பாத்தான்னா துப்பாக்கிய நம்ம பக்கம் திருப்புவான். சண்டையே நின்னுரும். உன் புருஷன் வந்துருவான்."

"இவளத் தொடாத."

"நம்ம கட்சிக்கு இவதான் சாட்சிம்மா."

"அவ சாட்சி இல்ல. என் கூடப் பொறந்தவ." பிறகு தோட்டக்காரரிடம் திரும்பினாள். "ஐயா, நீங்க சொல்லுங்க. உசுரு இருந்தப்ப கட்டினாங்களா, போனப்புறமா?"

"போனப்புறம்தாம்மா."

"நீங்க பாத்தீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் வெளிச்சுவத்துக்கு உள்ள போனதில்ல தாயி. செடிக்குத் தண்ணி ஊத்துறவன்."

"அப்ப நீங்களும் சொல்லாதீங்க. அவனும் சொல்லவேணாம்."

அவள் மண்டியிட்டுக் கையிலிருந்த கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு இறுகிக் காய்ந்திருந்தது. நகத்தால் முடியவில்லை. குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தாள். சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். காலிலும் அவிழ்த்தாள். கயிறு அவிழ்ந்தும் அந்தக் கைகள் கூப்பினபடியே இருந்தன.

ஃபெர்மி தடுக்கப் பார்த்தான். பெண்கள் வழிவிடவில்லை. திங்கட்கிழமை எங்களோடு வெள்ளை முடிச்சோடு வந்தவர்கள்தான். ஒருத்தி அவனைப் பார்த்து, "ஒதுங்குடா பீப்பாய், உன் அக்காள வேணா வண்டியில ஏத்து" என்றாள்.

நான் ஓடிப்போய்த் தெக்லா வீட்டுப் படுக்கைவிரிப்பை எடுத்துவந்தேன். அதில் சுற்றி, துணி வெளுக்கும் பெண் ஒருத்தியின் தள்ளுவண்டியில் வைத்தோம். ஒரு கூடை நூல் அளவுக்குக்கூடக் கனம் இல்லை. கடலோரக் கல்லறைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். தடுப்புச்சுவரில் இருந்தவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கற்களை எடுத்து வழிவிட்டார்கள்.

ரயில்பாதை தாண்டும் இடத்தில் சிப்பாய்கள் நின்றார்கள். ஒருவன் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான். எங்கள் பக்கத்தான் இல்லை, பேச்சு வேறாக இருந்தது.

"வண்டியில என்ன?"

"கன்னியாஸ்திரி."

அவன் விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். "எங்க கொண்டுபோறீங்க?"

"பொதைக்க."

"ஊரே தோண்டி எடுக்குது, நீங்க பொதைக்கப் போறீங்களா?" அவனுக்குப் புரியவில்லை. தெக்லாவின் வயிற்றைப் பார்த்தான். துப்பாக்கியை எடுத்துக்கொண்டான். "போங்க. நான் பாக்கல." நாங்கள் இரண்டடி போனதும் பின்னாலிருந்து கேட்டான். "அக்கா, எங்களையும் மெலிய்யாவுக்கு அனுப்பிருவாங்களா? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

எங்களிடம் போய்க் கேட்கிறானே என்று இருந்தது. "தெரியலப்பா" என்றேன்.

கல்லறையில் ஒரு வெட்டியானும் இல்லை. எல்லாரும் வேலைநிறுத்தம். "நாமதானக்கா நிறுத்தச் சொன்னோம்" என்றாள் தெக்லா. கொட்டகையில் மண்வெட்டி கிடந்தது. கடல் பக்கத்துச் சுவரோரம் மண் மணலாக இருந்தது, அங்கே தோண்டினோம். வேண்டாம் என்றாலும் அவள் கேட்கவில்லை. நான் பாதி, அவள் பாதி. வியர்வை கண்ணில் வழிந்தது. தூரத்தில் நகரத்தில் பீரங்கி வெடித்தது. இறக்கி வைத்தபோது தெக்லா விரிப்பை விலக்கி அந்த முகத்தைக் கடைசியாகப் பார்த்தாள். "இங்கயிருந்து அலைச் சத்தம் கேக்கும்டி" என்றாள். ஆள் அடையாளத்துக்கு ஒரு கல்லும் வைக்கவில்லை. வைக்கவேண்டாம் என்றாள்.

சனிக்கிழமைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை சங்கு ஊதியது. எல்லாரும் தறிக்குப் போனோம். கூலி வெட்டக்கூட இல்லை, அவ்வளவு அவசரம் முதலாளிகளுக்கு, எல்லாவற்றையும் மறக்க.

ஆகஸ்டில் காவற்படை வந்து தெக்லாவைப் பிடித்துக்கொண்டு போனது. பிணத்தை அவமதித்தது, கொள்ளையடித்தது என்று குற்றம். தள்ளுவண்டியில் கொண்டுபோனதைப் பார்த்ததாக யாரோ எழுதிப் போட்டிருந்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. எங்கள் படிக்கட்டிலேயேகூட இருக்கலாம். ஃபெர்மி அதற்குள் மலையைத் தாண்டிப் பிரான்ஸுக்குப் போய்விட்டிருந்தான்.

வியாழக்கிழமைதோறும் சிறைக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். கூடவே சிந்தாவும் வருவாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அம்மாவைப் பார்த்ததும் முகத்தை என் பாவாடைக்குள் மறைத்துக்கொள்வாள். செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, என் பக்கத்தில் ஒரு கன்னியாஸ்திரி வந்து நின்றார். வயதானவர். அந்த மடத்துத் தலைவி. இப்போது கம்பிக்கு உள்ளே தெக்லா, வெளியே அவர்.

"பதினொரு பேரைத் திரும்ப வைத்துவிட்டோம்" என்றார். "ஒருத்தியைக் காணவில்லை. எங்கே இருக்கிறாள் என்று சொல் மகளே. சொன்னால் அவள் உன் சகோதரிதான், நீ அவமதிக்கவில்லை என்று நான் நீதிமன்றத்தில் எழுதித் தருகிறேன்."

தெக்லா கேட்டாள். "கையை யாரு கட்டினது?"

"நான்தான் கட்டினேன்."

"எப்ப?"

"உயிர் பிரிந்த பிறகு. எங்கள் சபையின் விதி அது. கூப்பிய கை கூப்பியபடியே இறைவனிடம் போகவேண்டும் என்பதற்காக." அவர் குரல் நடுங்கவில்லை. "உன் அம்மா மேல் ஆணையாகக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்."

"நம்புறேன் தாயே." தெக்லா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "சாகறப்ப எதாவது சொன்னாளா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதற்காகவே அந்த அம்மாளை என்னால் வெறுக்க முடியவில்லை.

"மூன்று நாளும் உன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்."

"மூணு நாளு." தெக்லா அதை மெதுவாகச் சொன்னாள். "பத்து நிமிஷ நடை. ஏன் எனக்குச் சொல்லி அனுப்பல?"

"விதி மகளே."

"அதுவும் விதியா!"

"ஆமாம்."

தெக்லா கம்பியை விட்டுவிட்டாள். "உங்கள நம்புறேன். நீங்க அவளக் கொடுமைப்படுத்தலன்னும் நம்புறேன். ஆனா அவளக் குடுக்கமாட்டேன். எழுதித் தந்தாலும் சரி, தராட்டியும் சரி."

மடத்துத் தலைவி என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் தெரியும் என்பது அவருக்குப் புரிந்திருக்கும். ஒன்றும் கேட்காமல் குனிந்து சிந்தாவின் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

ஆனால் அவர் எழுதித் தந்துவிட்டார். விசாரணையில் அந்தக் காகிதத்தைப் படித்தார்கள். அதனால்தான் தெக்லாவுக்குப் பன்னிரண்டு வருடச் சிறை ஊர்விலக்காகக் குறைந்தது. தெருவேல் என்கிற தூரத்து ஊருக்குப் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றில் இருக்கவேண்டும், பார்சிலோனாப் பக்கம் கால் வைக்கக்கூடாது. அக்டோபரில் சிந்தாவையும் கூட்டிக்கொண்டு, எட்டு மாத வயிற்றோடு, காவலர்களுக்கு நடுவே ரயில் ஏறினாள். என் கம்பளிப் போர்வையைக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதிலிருந்தே அவள் எவ்வளவு பயந்திருந்தாள் என்று தெரிந்துகொண்டேன்.

பல்திரியைப் பற்றி அதுவரை ஒரு வரி இல்லை. இங்கே மடம் எரிந்த அதே செவ்வாய்க்கிழமை, மெலிய்யாவுக்கு வெளியே ஒரு மலைப்பள்ளத்தில் அவன் படையில் பாதி செத்துப்போனது என்று மட்டும் பின்னால் தெரிந்தது. இறந்தவர்களில் ஒருவனாகவே அவனை நான் நினைத்துக்கொண்டேன். டிசம்பரில் ஒரு மதியம் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். படியேறி யாரோ வருகிற சத்தம். நிமிர்ந்தேன். பல்திரி நின்றான். மெலிந்து, காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. கையிலிருந்த தட்டு விழுந்து உடைந்தது.

"பேயில்லக்கா" என்றான். "தெக்லா எங்க? வீடு பூட்டிக்கெடக்கு."

அவனை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, சூப்பும் ரொட்டியும் வைத்தேன். "தெக்லா நல்லா இருக்கா, புள்ள பொறந்திருக்கு, பையன், தெருவேல் பக்கம் இருக்கா" என்று சொன்னேன். ஏன் அங்கே என்று கேட்கவேண்டிய இடம் அது. அவன் கேட்கவில்லை. கரண்டியைப் பிடித்தபடி வேறு ஏதோ பேச ஆரம்பித்தான்.

"பள்ளத்துல கெடந்தவங்கள ரெண்டு மாசம் கழிச்சுத்தான் எடுத்தாங்க. என்னையும் அந்த வேலைக்கு விட்டாங்க. கோடை முழுக்க வெயில்ல கெடந்தவங்க. ஒருத்தனையும் அடையாளம் தெரியல. நம்ம தெருப் பயலுவ நாலு பேரு அங்கதான் இருந்தாங்க. எத எடுத்தாலும் இவன்தானோ, இவன்தானோன்னு இருக்கும். மூட்டையில கட்டிக் குழியில போட்டோம். யாரு எங்கன்னு தெரியாது."

"சாப்பிடு பல்திரி."

"அதுக்கு முன்னால ஒரு நாளு, எங்கள வரிசையா நிறுத்தி அதிகாரி பத்திரிகை படிச்சுக் காட்டுனாரு. நீங்க இங்க ரத்தம் சிந்தறீங்க, பார்சிலோனாவுல பொம்பளைங்க செத்த கன்னியாஸ்திரிகளத் தோண்டித் தெருவுல இழுத்துட்டுத் திரியறாளுங்கன்னு. எல்லாரும் காறித் துப்புனானுங்க." அவன் என்னைப் பார்த்தான். "நானும் துப்புனேன்க்கா. அந்தத் தேவடியாளுங்களத் தூக்குல போடணும்னு எல்லாரோடயும் சேந்து கத்துனேன். தொண்டை கட்டிப்போற அளவுக்குக் கத்துனேன். சண்டையில செத்தவனுங்களுக்காகக்கூட அப்படிக் கத்தல."

நான் அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லவேண்டியிருந்தது. சுண்டுவிரலிலிருந்து தொடங்கினேன். பல்லால் கயிற்றை அவிழ்த்தது, தள்ளுவண்டி, குழி, கம்பிக்குப் பின்னால் நின்று மடத்துத் தலைவியிடம் பேசியது, ஒன்றுவிடாமல் சொன்னேன்.  சூப்பு ஆறி மேலே கொழுப்பு படிந்துவிட்டது. சொல்லி முடித்த பிறகு இரண்டு கையையும் மேஜை மேல் விரித்து வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ அவளோட மனுஷியக் கண்டுபிடிச்சுட்டா" என்றான். "நான் ஒருத்தனையும் கண்டுபிடிக்கல."

ரயிலுக்குக் காசு தருகிறேன் என்றேன். நடந்தே போகிறேன் என்றான். மலையில் பனி விழுகிற காலம். எழுந்து வாசல்வரை போய் நின்றான்.

"நான் கத்துனத அவகிட்டச் சொல்லணும்க்கா."

"எதுக்குடா? உனக்கு என்ன தெரியும் அப்ப? சொல்லாத. பச்ச உடம்புக்காரி, நொந்துபோவா."

"சொல்லாம அவ மூஞ்சிய எப்படிப் பாக்கறது?"

"சொல்லிட்டு எப்படிப் பாப்ப?"

அவன் படியிறங்கிப் போனான். கடைசிப் படி வரை காலடிச் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. பட்டாளத்துக்காரன் நடை அவனை விட்டுப் போகவேயில்லை.

அடுத்த வருடம் தண்டனைகளைத் தளர்த்தினார்கள். நாலு பேராகத் திரும்பி வந்தார்கள். எதிர் அறை அதற்குள் வேறு ஆளுக்குப் போய்விட்டது, கீழ்மாடியில் ஓர் இருட்டு அறை கிடைத்தது. பல்திரி பட்டறைக்குப் போனான். தெக்லாவை எங்கள் ஆலையில் சேர்க்கவில்லை, வேறொன்றில் பாதிக் கூலிக்குச் சேர்ந்தாள். அவர்கள் சண்டை போட்டு நான் கேட்டதில்லை. சிரித்தும் அதிகம் கேட்டதில்லை. பையன் பல்திரி மடியில் உட்கார்ந்து அவன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பான், அவன் பேசாமல் இழுக்கவிடுவான்.

ஒருநாள் வெளுக்கும் துறையில் நானும் தெக்லாவும் எதிரெதிராக ஒரு போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தோம். ரொம்ப நாளாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டுவிட்டேன்.

"பல்திரி உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னான். சொன்னானா?"

அவள் கை நிற்கவில்லை. "வந்த அன்னிக்கே சொன்னான். வாசப்படியில நின்னுக்கிட்டு. பனியில நனைஞ்சு நடுங்கறான், உள்ள வான்னா வரமாட்டேங்கறான். சொல்லிட்டுத்தான் வந்தான்."

"மன்னிச்சுட்டியா?"

போர்வையை அவள் ஒரு முறுக்கு, நான் ஒரு முறுக்கு. தண்ணீர் எங்கள் காலில் கொட்டியது.

"இன்னும் இல்லக்கா" என்றாள். "உள்ள வான்னு சொன்னேன். வந்தான். பையனக் கையில குடுத்தேன். அதுக்கு மேல இன்னும் போகல."

போர்வையின் தன் பக்கத்து முனையை என்னிடம் கொடுத்துவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். அவனுடைய சட்டை. கல்லில் விரித்துப் போட்டு, கழுத்துப்பட்டியிலிருந்து தொடங்கி, சோப்பை அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள்.